நன்கொடைப் பட்டியலில் இடம்பெறாத அறை



தவக்காலம் தொடங்கிவிட்டது. செபம், நோன்பு, அறச்செயல் என்று திருச்சபை நமக்குக் காட்டும் மூன்று வழிகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் அவரவர் உள்ளத்துக்குள் நிகழ்பவை. மூன்றாவதைப் பற்றித்தான் ஆண்டுதோறும் உங்களில் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். "பாதர், இம்முறை ஊரிலே நாங்கள் படித்த பாடசாலைக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். என்ன செய்தால் பிரயோசனமாக இருக்கும்?" என்ற அந்தக் கேள்விக்கு இவ்வாண்டு எல்லோரும் வாசிக்கும் வண்ணம், சற்று விரிவாகவே மறுமொழி எழுத விரும்புகிறேன்.

என் மறுமொழி ஒரே சொல்லில் அடங்கும்: மலசலகூடம்.

திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது உரக்கச் சொல்லக் கூச்சப்படும் சொல் அது. பங்குத்தந்தை ஒருவர் தவக்காலத்தில் எழுத எடுத்துக்கொள்ளும் பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் நம் பாடசாலைகளில் இந்தக் குறை இத்தனை காலம் நீடித்திருப்பதற்குப் பணப் பற்றாக்குறையை விட இந்தக் கூச்சமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவைத்து வாசியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் அறிந்த யாழ்ப்பாண நகரத்தையே எடுத்துக்கொள்வோம். நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றில் படிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அவள் நகருக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து வருகிறாள். காலை ஆறரை மணிக்குப் பேருந்துக்காக வீட்டை விட்டு இறங்குகிறாள். ஏழரைக்குப் பாடசாலை தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. அங்கிருந்து நேரே தனியார் கல்வி நிலையத்துக்குப் போகிறாள். தகரக் கூரையின் கீழ் நெருக்கியடித்து அமர்ந்து கணிதமும் விஞ்ஞானமும் படித்து, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறாள். ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அவள் எத்தனை தடவை மலசலகூடம் சென்றாள் என்று அவளுடைய தாயிடம் கேளுங்கள். "பள்ளிக்கூடத்திலே போகமாட்டாள், வீட்டுக்கு வந்துதான்" என்று தாய் சொல்வார். அதை ஒரு நல்ல பழக்கம் போலவே சொல்வார்.

அது பழக்கமன்று, வேதனை. அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் காலையில் வெறும் தேநீரோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரை மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைக்குத் தலையிடியும் சோர்வும் வரும், படிப்பில் மனம் நில்லாது. தொடர்ந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். "பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் அடிக்கடி வயிற்றுக்குத்து என்கிறாள்" என்று ஊரிலிருந்து உங்கள் சகோதரி தொலைபேசியில் சொல்லும்போது, அந்த வயிற்றுக்குத்தின் வேர் பாடசாலை வளவின் பின்மூலையில் இருக்கக்கூடும்.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 2009 ஆம் ஆண்டில் பாடசாலைகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டலில், 25 மாணவியருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்கின்றன. மாணவர்களாயின் 50 பேருக்கு ஒரு மலசலகூடமும் அத்தோடு ஒரு சிறுநீர் கழிக்கும் இடமும் வேண்டும். வசதி குறைந்த நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அளவு இது, ஆடம்பரமான கணக்கன்று. இதன்படி ஆயிரம் மாணவியர் படிக்கும் ஒரு பாடசாலைக்கு நாற்பது மலசலகூடங்கள் தேவை. பத்து மட்டுமே பாவனையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை இருபது நிமிடம். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு கூடத்தைப் பத்துப் பேர் பயன்படுத்தலாம். பத்துக் கூடங்களையும் நூறு பேர். மீதித் தொள்ளாயிரம் பேர் என்ன செய்வார்கள்? உணவருந்துவதா, வரிசையில் நிற்பதா என்று ஒவ்வொரு நாளும் தெரிவு செய்வார்கள். பெரும்பாலோர் இரண்டாவதைக் கைவிடுவார்கள்.

தண்ணீருக்கும் அதே வழிகாட்டல் ஓர் அளவு சொல்கிறது. குடிப்பதற்கும் கை கழுவுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர். வாளியால் ஊற்றிக் கழுவும் மலசலகூடமாயின் மேலும் ஒன்றரை முதல் 3 லீற்றர். ஆயிரம் பிள்ளைகளுக்கு இது ஆறாயிரத்து ஐந்நூறு முதல் எட்டாயிரம் லீற்றராகிறது. கூரைமேல் நிற்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்றை அன்பளிப்புச் செய்துவிட்டு, அதில் நம் சங்கத்தின் பெயரையும் எழுதிவிட்டு, தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். முதலாம் பாடவேளை முடியுமுன் அது வெறுமையாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் என்பது தாங்கியோடும் குழாயோடும் முடிகிற கதையுமன்று. நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அந்தப் படையைத்தான் நம் முன்னோர் கிணறு வெட்டிக் குடித்தார்கள், துலாமிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தார்கள். அதே சுண்ணக்கல்தான் நம் மலக்குழிகளின் கசிவையும் வடிகட்டாமல் கீழே விடுகிறது. மணல் நிலம் ஓரளவு வடிகட்டும். வெடிப்புள்ள கல் வடிகட்டாது. நகரத்தில் காணிகள் சுருங்கச் சுருங்க, கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரமும் சுருங்கியது. தோட்டங்களின் உரமும் இந்தக் கசிவும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை உயர்த்தியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இங்கே ஒரு விடயத்தை நீங்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். கிருமியைக் கொதிக்கவைத்தும் குளோரின் இட்டும் கொல்லலாம். நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். ஆகவே "கொதித்தாறிய நீர்தானே கொடுக்கிறோம்" என்ற ஆறுதல் எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தாது. நீரைப் பரிசோதிக்காமல் வடிகட்டி அன்பளிப்புச் செய்வது, நோயறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரும் வல்லமை அதற்கு உண்டு. நல்ல செய்திதான். ஆனால் வீதிக்கு வந்த குழாய் பாடசாலையின் பின்மூலை வரை தானாக நடந்து வராது. உள்ளே குழாய் பதிக்கவும், தாங்கி அமைக்கவும், மாதந்தோறும் கட்டணம் செலுத்தவும் யாராவது வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நாள்களில் ஒரு மாணவிக்குத் தேவைப்படுவது மிகச் சிறியது: உள்ளிருந்து பூட்டக்கூடிய தாழ்ப்பாள், கதவுக்கு உள்ளேயே தண்ணீர், மூடியுள்ள ஒரு குப்பைத் தொட்டி, ஒரு கொளுக்கி, கைகழுவச் சவர்க்காரம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அவள் அன்று வீட்டில் நிற்பாள், அல்லது பாடசாலைக்கு வந்து நாள் முழுவதும் கதிரையை விட்டு எழும்பாமல் அஞ்சியபடி இருப்பாள். இலங்கைக் கல்வி அமைச்சு 2024 இல் மாணவியருக்கு அணையாடை வாங்குவதற்கான பற்றுச்சீட்டு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அணையாடையைக் கையில் கொடுத்துவிட்டு, அதை மாற்றுவதற்கு ஓர் அறையைக் கொடுக்காவிட்டால் பாதி உதவியே செய்தவர்களாவோம். இவற்றைப் பற்றி நம் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள் என்பதும் அதற்கொரு காரணம்.

இனி நம் கொடையின் இயல்பைப் பார்ப்போம். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் புலம்பெயர்ந்த நம் மக்கள் ஊர்ப் பாடசாலைகளுக்குச் செய்த உதவி சாதாரணமானதன்று. குளிரிலும் இரவிலும் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த காசு அது. போரில் இடிந்த வகுப்பறைகளை எழுப்பியதில் உங்கள் வியர்வைக்கும் பங்குண்டு. அதை நான் மறக்கவுமில்லை, குறைத்து மதிப்பிடவுமில்லை. ஆனால் எவற்றுக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நுழைவாயில் வளைவு, நிறுவுநரின் சிலை, கேட்போர் கூடத்துக்குக் குளிரூட்டி, இசைக்குழுவுக்கு வாத்தியம், விளையாட்டுத் திடலுக்குப் பார்வையாளர் மேடை. எல்லாம் நல்லவையே. எல்லாம் ஒளிப்படத்தில் அழகாக விழுபவை. நாடா வெட்டவும் குத்துவிளக்கு ஏற்றவும் பெயர்க்கல் பதிக்கவும் ஏற்றவை. மலசலகூடத்தின் சுவரில் தன் தந்தையின் நினைவாக என்று பெயர் பொறிக்க எவரும் முன்வருவதில்லை.

அப்படி ஒரு தடவை முன்வந்து கட்டப்பட்டதையும் ஊருக்குச் சென்றபோது கண்டேன். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டு அன்பர்களின் நிதியில் கட்டிய எட்டு அறைகள், வெள்ளை ஓடு பதித்துப் பளபளவென்றிருந்தன. கதவில் பெரிய மாங்காய்ப் பூட்டு. "பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் பாதர், விருந்தினர் வரும்போது திறப்போம்" என்றார் பொறுப்பானவர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவரே. அவரும் வாரத்தில் மூன்று நாள் அலுவலக வேலைக்கு எடுக்கப்படுகிறார். சவர்க்காரம் வாங்க ஒதுக்கீடு இல்லை. நீர் இறைக்கும் மோட்டர் பழுதாகி இரண்டு மாதம். திறந்துவிட்டால் ஒரு வாரத்தில் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். கட்டடத்தைக் கொடுத்த நாம், அதை நாள்தோறும் உயிரோடு வைத்திருக்கும் செலவைக் கொடுக்கவில்லை.

மலசலகூடம் என்பதைக் கட்டடமாக எண்ணுவதே நம் பிழை. அது ஒரு சேவை. அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு விறகு கொடாமலிருப்பவரை விருந்தோம்பினார் என்று யாரும் சொல்வதில்லை. துப்புரவுப் பணியாளரின் ஊதியம், சவர்க்காரம், தொற்றுநீக்கி, தாழ்ப்பாள், மின்குமிழ், மோட்டர் திருத்தம், குழி நிரம்பினால் மலக்கழிவு உறிஞ்சும் பவுசர், ஆண்டுக்கு இரு தடவை நீர்ப் பரிசோதனை ஆகியவை தொடர்ந்து நடந்தால்தான் அந்த எட்டு அறைகளும் மலசலகூடமாகும். அன்றேல் அவை ஓடு பதித்த களஞ்சியங்கள்.

இதைச் சொல்லும்போது வழக்கமாக மூன்று மறுப்புகள் எழும்.

"நாங்கள் படித்த காலத்தில் இவையெல்லாம் இருந்ததா? பனங்கூடலுக்குப் போய் வந்தோம், படித்து முன்னுக்கு வரவில்லையா?" என்பது முதலாவது. வந்தீர்கள், உண்மை. ஆனால் வராமற் போனவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பருவமெய்திய பின் படிப்பை விட்ட நம் அக்காமார் எத்தனை பேர்? அதற்கு வறுமையும் வழக்கமும் காரணமென்று சொல்லிவிட்டோம். ஒரு தாழ்ப்பாள் இல்லாததும் காரணமாயிருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. நகரத்தில் இன்று பனங்கூடலும் இல்லை.

"அது அரசாங்கத்தின் கடமை" என்பது இரண்டாவது. முழுக்கச் சரி. நீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 யூலை 28 அன்று ஏற்றுக்கொண்டது. அயல் நாடான இந்தியாவில், எல்லாப் பாடசாலைகளிலும் ஆறு மாதத்துக்குள் குடிநீரும் மலசலகூடமும் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 ஒக்டோபரில் கட்டளையிட்டது. ஆகவே நாம் கொடுப்பது அரசின் கடமையை மன்னித்துவிடுவதாக அமையக் கூடாது. நம் பாடசாலைகள் பலவற்றைக் கட்டியெழுப்பியவை மிசன் சபைகள். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவற்றில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. பொறுப்பேற்றவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நாம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் மாநகர சபைக்கும் எழுத்தில் கேட்கவும் வேண்டும்: துப்புரவுப் பணியாளர் வெற்றிடத்தை எப்போது நிரப்புவீர்கள்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை எங்கே? கொடையும் கேள்வியும் சேர்ந்து செல்லட்டும்.

"பிள்ளைகள் பழுதாக்குவார்கள்" என்பது மூன்றாவது. இதற்கு இங்கேயே சான்று உண்டு. ஜேர்மனி செல்வந்த நாடு. இங்கும் உங்கள் பிள்ளைகளிடம் பாடசாலை மலசலகூடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். நாற்றம், உடைந்த கதவு, காகிதம் இல்லை என்ற முறைப்பாடு இந்நாட்டுப் பெற்றோர் கூட்டங்களிலும் ஓயாதது. பணம் மட்டும் இதைத் தீர்க்காது என்பதற்கு இதுவே சான்று. மேற்பார்வையும் பிள்ளைகளின் பங்களிப்பும் உள்ள இடத்தில் நிலைமை மாறுகிறது. பாடசாலைகளுக்கென்று 2013 இல் யுனிசெஃப் நிறுவனமும் ஜேர்மனியின் ஜி.ஐ.இசற் நிறுவனமும் 'மூன்று நட்சத்திர' முறை ஒன்றை வெளியிட்டன. பெரிய கட்டடம் வரும்வரை காத்திராமல், நாள்தோறும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கை கழுவுவது, இருக்கும் கூடங்களை நாள்தோறும் துப்புரவாக்குவது, ஒவ்வொரு பிள்ளையிடமும் குடிநீர்ப் போத்தல் இருப்பது ஆகியவற்றில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறும் முறை அது. முதல் நட்சத்திரத்துக்கு வேண்டியது துளையிட்ட ஒரு நீண்ட குழாயும் சவர்க்காரமும் பத்து நிமிடமும்தான். சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றோட்டத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்க வல்லது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருந்தும் 2023 நிலவரப்படி உலகில் மூன்றில் ஒரு பாடசாலையில் நீரும் சவர்க்காரமும் சேர்ந்த கைகழுவும் வசதி இல்லை.

பிள்ளைகளின் பங்களிப்பு என்று சொன்னவுடன் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மலசலகூடத்தை யார் கழுவுவது என்ற கேள்வி நம் சமூகத்தில் ஒருபோதும் வெறும் துப்புரவுக் கேள்வியாக இருந்ததில்லை. பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இவ்வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் யாழ் நகரின் கழிவை அகற்றுகிறார்கள். நகரம் அவர்களின் உழைப்பை எடுத்துக்கொண்டு, அவர்களைத் தள்ளியே வைத்திருக்கிறது. ஆகவே மாணவர் முறைவைத்துத் துப்புரவு செய்வதாயின், அதிபரின் மகளும் வைத்தியரின் மகனும் உட்பட எல்லோரும் செய்ய வேண்டும். குறிப்பிட்ட சில பிள்ளைகளைக் கைகாட்டி அனுப்பும் பாடசாலைக்கு நம் பணம் ஒரு சதமும் போகக் கூடாது. பணிக்கு அமர்த்தப்படுபவருக்குக் கையுறை, பாதணி, உரிய ஊதியம், பிறரைப் போல் ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தும் உரிமை ஆகியவை வேண்டும். தூய்மையான கூடத்தைத் தீண்டாமையின் தோளில் கட்டியெழுப்பினால் அது கடவுளுக்கு ஏற்ற கொடையாகாது.

இது பங்குத்தந்தை பேசும் பொருளா என்று கேட்போருக்கு இணைச்சட்ட நூலின் 23 ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறேன். பாளயமிறங்கிய மக்களுக்கு, வெளியே ஓர் இடத்தை ஒதுக்கவும், ஆயுதங்களோடு ஒரு தோண்டு கருவியையும் வைத்திருக்கவும், கழிவை மண்ணால் மூடவும் திருச்சட்டம் கட்டளையிடுகிறது. அதற்கு அது கூறும் காரணம், ஆண்டவர் அந்தப் பாளயத்தின் நடுவே உலவுகிறார் என்பதே. கழிவை மூடும் வேலையைக் கடவுளின் உடனிருப்போடு இணைத்துப் பேசிய நூலை நாம் திருநூலாக வணங்குகிறோம். தவக்கால மூன்றாம் ஞாயிறின் நற்செய்தியில் நாம் தியானிக்கும் சமாரியப் பெண், ஊர்ப் பெண்கள் வராத நண்பகல் வேளையில் தனியே தண்ணீருக்கு வருகிறாள். பிறர் பார்வைக்கு அஞ்சித் தன் தேவைக்கு நேரம் பார்த்துப் போகும் பெண்ணை இயேசு அந்தக் கிணற்றடியில் சந்தித்தார். பெரிய வியாழன் இரவில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் கையில் எடுத்தது அடிமையின் வேலையை. நீரும் பாத்திரமும் கொண்டு செய்த வேலையை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், தூய குடிநீர் பெறுவது அடிப்படையான, அனைவருக்கும் உரிய மனித உரிமை என்று கற்பித்தார். 2020 இல் வத்திக்கான் திருப்பீடத் துறை நீரைப் பற்றித் தனி ஆவணமே வெளியிட்டு, அதன் தொடர்ச்சியாகக் கத்தோலிக்க மருத்துவ நிலையங்களின் நீர், சுகாதார வசதிகளை ஆராயவும் தொடங்கியது. உரோமையில் கர்தினால்கள் மலசலகூடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் மண்டபத்தில் நாமும் பேசலாம்.

இன்னொரு நினைவையும் உங்கள் முன் வைக்கிறேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஓரிரவில் வெறிச்சோடியபோது, நம் மக்களுக்கு வீடாக அமைந்தவை தென்மராட்சியின் பாடசாலைகளும் ஆலயங்களுமே. பின்னர் வன்னியிலும் அவ்வாறே. உங்களில் பலர் அந்த வகுப்பறைத் தரைகளில் உறங்கியவர்கள். அந்நாள்களைப் பற்றிப் பேசும்போது பசியைச் சொல்வீர்கள், குண்டைச் சொல்வீர்கள். நூற்றுக்கணக்கானோருக்கு இருந்த இரண்டு, மூன்று மலசலகூடங்களின் முன் விடியுமுன் நின்ற வரிசையை, அம்மாவும் அக்காவும் இருட்டும்வரை காத்திருந்ததை, நீங்கள் சொல்வதில்லை. ஆனால் மறக்கவில்லை என்பதை நான் அறிவேன். அந்த வேதனையை அறிந்தவர்களுக்கு ஒரு மாணவியின் வேதனையை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, ஊர்ப் பாடசாலைக்குக் கொடுக்க எண்ணியிருக்கும் குடும்பங்களிடமும் சங்கங்களிடமும் இந்தத் தவக்காலத்தில் நான் வேண்டுவன இவை.

முதலாவது, கொடுக்குமுன் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை கூடங்கள், அவற்றில் இன்று பயன்படுத்தக்கூடியவை எத்தனை, தண்ணீர் எங்கிருந்து, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர் என்ற ஆறு கேள்விகளை அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் எழுதுங்கள். மாணவத் தலைவியரிடமும் தனியே கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் மறுமொழிதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கும்.

இரண்டாவது, புதிதாய்க் கட்டுமுன் இருப்பதைத் திருத்துங்கள். பத்துத் தாழ்ப்பாள், பத்துக் கொளுக்கி, பத்து மூடிய தொட்டி, ஒரு மோட்டர் திருத்தம் ஆகியவை ஒரு புதிய கட்டடத்தின் சிறு பங்குச் செலவில் முடியும். அடுத்த வாரமே பயன் தரும்.

மூன்றாவது, புதிதாய்க் கட்டுவதாயின் திரட்டும் ஒவ்வொரு 100 யூரோவிலும் 40 யூரோவைப் பராமரிப்புக்கென ஊர் வங்கியில் நிலையான வைப்பாக இடுங்கள். அதன் வட்டியில் பணியாளரின் ஊதியத்துக்கும் சவர்க்காரத்துக்கும் ஒரு பங்கேனும் கிடைக்கும். எட்டு அறை கட்ட நினைத்தால் ஐந்து கட்டுங்கள், ஐந்தும் திறந்திருக்கட்டும்.

நான்காவது, குழி எங்கே அமைகிறது என்பதை நீங்கள் கேளுங்கள். நம் சுண்ணக்கல் நிலத்தில் அடித்தளம் அடைத்த, நீர் கசியாத தாங்கியே வேண்டும். அடியில்லாத குழி வெட்டி அயலவர் கிணற்றைக் கெடுத்துவிட்டு அதைத் தர்மம் என்று அழைக்கக் கூடாது.

ஐந்தாவது, பாடசாலை முடிந்த பின் பிள்ளைகள் செல்லும் தனியார் கல்வி நிலையங்களையும் மறவாதீர்கள். உங்கள் மருமக்களுக்கு ரியூசன் கட்டணம் அனுப்புவது நீங்கள்தான். கட்டணம் செலுத்துபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. ஒரு கூடமும் இல்லாத நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று நாற்பது பெற்றோர் சேர்ந்து சொன்னால் மறுமாதமே ஒன்று எழும்பும்.

நம் பங்கிலிருந்தே தொடங்குவோம். இம்முறை தவக்கால உண்டியலில் சேரும் தொகையை, பணிக்குழுவினரும் அருட்பணிச் சபையினரும் இசைந்தால், யாழ் நகரின் ஒரு பாடசாலையில் இருக்கும் கூடங்களைத் திருத்தவும் ஓராண்டு துப்புரவுச் செலவைத் தாங்கவும் அளிக்கலாம் என்று முன்மொழிகிறேன். நாடா வெட்டும் விழா வேண்டாம், பெயர்க்கல்லும் வேண்டாம். ஓராண்டின் பின் அந்தப் பாடசாலை மாணவியர் தாமே எழுதும் ஒரு கடிதம் போதும். தாழ்ப்பாள் பூட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று அவர்கள் எழுதட்டும். வராவிட்டால் அதையும் எழுதட்டும். அடுத்த ஆண்டு அங்கிருந்து தொடங்குவோம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே தயங்காமல் எழுதுங்கள். பொறியியலாளர்களும் தாதியரும் ஊரில் ஆசிரியப் பணி செய்தவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். என்னைவிட இதை நன்கு அறிந்தவர்கள் நீங்கள். வருகிற ஞாயிறு திருப்பலியின் பின் மண்டபத்தில் கூடுவோம். குறிப்பாகப் பெண்கள் முன்வரிசையில் அமருங்கள். உங்கள் பேச்சையே முதலில் கேட்க விரும்புகிறேன்.

இறைவன் உங்களையும் ஊரில் உள்ள நம் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

இறைபணியில்,
உங்கள் பங்குத்தந்தை